செருப்பு ஏந்திய செனட்டர்

எங்கள் மாநிலத்துச் சட்டசபை ஒரு வட்டக் கட்டிடத்தில் நடக்கிறது. அந்தக் கட்டிடத்தை என் தோழி லிப்ராதா தெல்லெஸ் கேக் வெட்டும் கத்தியால் எட்டாக வெட்டி, க்ரீம் அதிகமாக இருந்த துண்டை எங்கள் பள்ளத்தாக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சரி, சரி. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். கட்டிடம் முழுசாக அங்கேயே இருக்கிறது. போன மாதம்கூடத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், ஒரு மூலை குறையவில்லை; வட்டத்துக்கு மூலை ஏது என்றும் கேட்காதீர்கள். ஆனால் கேக் நிஜம். கத்தியும் நிஜம். கத்தியை வாசற்காவலர் வாங்கி வைத்துக்கொண்டதும் நிஜம்.

நம் காசா நிறுவனத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, ஒரு மலர் போடுகிறோம், லிப்ராதாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டார்கள். "அவர்களுடைய பங்களிப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். லிப்ராதாவிடம் போய்ச் சொன்னேன்.

"எழுதுங்க கொமாத்ரே. வயசை மட்டும் போடாதீங்க. முடியைப் பத்தி ரெண்டு வரி போடுங்க," என்றாள்.

போட்டுவிடுகிறேன். லிப்ராதாவின் முடி அன்றும் கறுப்பு, இன்றும் கறுப்பு. இடையில் நடந்தது எனக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மட்டும் தெரியும்.

காசாவின் முழுப்பெயர் இஸ்பானியக் குழந்தைகள் மற்றும் குடும்பங்களுக்கான உயராய்வு நிறுவனம். அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்த ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. காசா என்றால் வீடு. வீடுதான் அது. பல்கலைக்கழகத்தின் கடைசி ஓரத்தில், முன்பு பருத்திக் கொட்டை அடைத்து வைத்திருந்த பழைய மண்செங்கல் கட்டிடம். மழை வந்தால் தொட்டில் அறையில் ஒழுகும். எங்கள் ஊரில் மழை வருவது அபூர்வம் என்பதால் கூரையைப் பற்றி யாரும் அவசரப்படவில்லை. நான் அங்கே குழந்தை வளர்ப்புப் பாடம் நடத்தினேன். எனக்கு அப்போது குழந்தை கிடையாது. அதனால் மிகவும் தெளிவாக நடத்தினேன்.

காசா திறந்த ஆகஸ்டில் லிப்ராதா உள்ளே வந்தது படிப்புக்காக அல்ல, குளிர்ச்சிக்காக. கூரைமேல் தண்ணீர் சொட்டும் குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அது போடும் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். வெங்காயக் கொட்டகையில் தரம் பிரித்துவிட்டு, இடுப்பில் ஒரு மாதக் குழந்தையோடு வெயிலில் நடந்து போனவள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். கதவைத் தள்ளினாள். நேராக என்னிடம் வந்தாள்.

"கொஞ்சம் பிடி. முகம் கழுவிட்டு வந்துடறேன்," என்று குழந்தையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

முகம் கழுவினாள். யாரோ வைத்திருந்த சாப்பாட்டையும் சாப்பிட்டாள். குளிர்ப்பெட்டிக்கு நேர் கீழே படுத்து ஒரு தூக்கமும் போட்டாள். குழந்தை என் கையிலேயே இருந்தது. அதுதான் ரோமானா. குழந்தை வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயங்களை எல்லாம் அந்த மத்தியானத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

யார் கை சும்மா இருந்தாலும் அதில் எதையாவது வைத்துவிடுவது லிப்ராதாவின் பிறவிக் குணம். குழந்தை, சட்டி, துடைப்பம், அடுத்த வீட்டுக்காரியின் பிரச்சினை, எதுவானாலும் சரி. "கொஞ்சம் பிடி" என்பாள். வாங்கியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இருக்கமாட்டாள்.

அன்று "பிடி" என்றாள். நான் ரோமானாவுக்கு ஞானத்தாயாகத் திருமுழுக்குத் தொட்டியருகே நின்ற ஞாயிற்றுக்கிழமை முதல் நாங்கள் இருவரும் கொமாத்ரே, இருவரும் "நீங்க". எங்கள் பக்கத்தில் அந்த உறவு வந்துவிட்டால் சாகும்வரை அது போகாது, மரியாதையும் போகாது. எங்களுக்குள் எத்தனையோ சண்டை. ஒன்றில்கூட "நீ" வந்ததில்லை. "நீங்க ஒரு கழுதை, கொமாத்ரே" என்றுதான் திட்டுவாள்.

முதல் வருஷம் காசாவுக்குத் தாய்மார்கள் வரவில்லை. வாசலில் பல்கலைக்கழகக் காவலர் சீருடையில் நின்றார். சீருடை என்றாலே ஆவணம் கேட்கும் எல்லைக் காவல்படை என்று நினைத்துப் பெண்கள் அடுத்த தெருவோடு சுற்றிப் போனார்கள். நாங்கள் சுவரொட்டி அடித்தோம். வானொலியில் பேசினோம். லிப்ராதா ஒரு காலையில் அந்தக் காவலரின் கையில் ரோமானாவைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் பெரிய மீசைக்காரர். குழந்தை அவர் சட்டைமேல் வாந்தி எடுத்தது. அவர் துப்பாக்கி பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தோளில் துணியைப் போட்டுக்கொண்டு, வாசலில் முன்னும் பின்னும் நடந்து தாலாட்டினார். அந்தக் காட்சியைப் பார்க்கவே மறுநாள் பாதி வெங்காயக் கொட்டகை வந்தது. வந்தவர்கள் உள்ளே குளிராக இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். பிறகு வராமல் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் அவளுக்கு வேலை கொடுத்தோம். குடும்பத் தொடர்பாளர் என்று பெயர். நல்ல வேலைக்காரி என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவளிடம் ரகசியம் தங்காது. அடுப்பில் வைத்த பீன்ஸைக் கருகவிடுவாள். படச்சீட்டு ஆட்டத்தில் பகிரங்கமாக ஏமாற்றுவாள். ஆனால் அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் கால்வாய்க்கு அந்தப்பக்கம் மிளகாய் பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் மூக்கில் வாசனை ஏறுகிறது. செப்டம்பரில் எதிர்க்கடையில் பச்சை மிளகாய் சுடுவார்கள். கம்பி உருளை சுழலச் சுழல அந்தக் காரப்புகை ஜன்னல் வழியே வந்து எல்லோரையும் தும்மவைக்கும். தரையில் பாய் விரித்துத் தாய்மார்கள், மடியில் பிள்ளைகள். ஒரு பக்கத்தை ஸ்பானிஷில் வாசிப்போம், அடுத்த பக்கத்தை ஆங்கிலத்தில். காது கேட்காத ஒரு பையனுக்கு முதல்முறை கருவி மாட்டியபோது குளிர்ப்பெட்டியின் சத்தத்தைக் கேட்டு அவன் அழுதான். அறையே சேர்ந்து அழுதது. சுவரில் ஒரு கண்ணாடி உண்டு. எங்கள் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி, அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி. குழந்தைகளை அவர்கள் தொந்தரவில்லாமல் கவனிப்பதற்காக. லிப்ராதா தினமும் அதற்கு நேரே நின்று தலை வாருவாள், பல் இடுக்கைப் பார்ப்பாள், இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மறுபக்கம் ஒரு வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும். நான் வருஷக்கணக்கில் அவளிடம் சொல்லவில்லை.

எண்ணெய் விலை சரிந்த வருஷம் வந்தது. எங்கள் மாநிலத்துக் கஜானா எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருக்கும். எங்கள் இயக்குநர் டாக்டர் அன்செல்மோ ராயெல் வடக்கத்திக்காரர், ஒல்லி, கவலைப்பட்டால் பென்சிலைக் கடிப்பார். அன்று பென்சிலில் பாதி இல்லை.

"மாநில பட்ஜெட் புஸ்தகத்துல நமக்குப் பணம் ஒதுக்கி எழுதின வரி ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஜனவரியில சபை கூடும்போது அதை அடிச்சுடப் போறாங்களாம்," என்றார். "அந்த வரி போனா நாம இல்ல. இந்தக் கட்டடத்துல பல்கலைக்கழகம் நாற்காலி அடுக்கி வச்சுக்கும்."

லிப்ராதா மடியிலிருந்த குழந்தையை டாக்டர் ராயெல் கையில் வைத்தாள்.

"நான் வெங்காயத்துக்குப் போயிடுவேன். வெங்காயம் என்னை மறக்காது," என்றாள். "இதுங்க எங்க போகும்?"

அவர் குழந்தையைப் பார்த்தார்.

"காசாவுக்கு என்ன வயசு, டாக்டர்?"

"இந்த ஆகஸ்டோட பதினஞ்சு ஆச்சு."

"பதினஞ்சு ஆச்சு! பதினஞ்சு வயசான பொண்ணுக்கு ஒரு விருந்துகூட வைக்காம எந்த வீட்டுலயாவது சாகவிடுவாங்களா?"

"இது நிறுவனம், லிப்ராதா."

"ஏன், நிறுவனத்துக்குப் பதினஞ்சு வயசு ஆகாதா?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. எங்கள் பள்ளத்தாக்கில் பெண்ணுக்குப் பதினைந்து ஆனால் கோயில் பூசை, கிரீடம், பெரிய கவுன், கேக், நடனம் எல்லாம் உண்டு. தட்டைச் செருப்பைக் கழற்றி அப்பா தன் கையால் குதியுயர்ந்த செருப்பு மாட்டிவிடுவார். எந்தத் தகப்பனாலும் இதைத் தனியாகச் செய்ய முடியாது, யாரும் செய்வதுமில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், கிரீடத்துக்கு ஒரு ஞானத்தாய், இசைக்கு ஒருவர், மண்டபத்துக்கு ஒருவர், ஐஸ்கட்டிக்குக்கூட ஒருவர். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவர் அந்த வீட்டுக்குக் கொம்பாத்ரே, பெண்ணானால் கொமாத்ரே. அவரால் அந்தக் குடும்பத்தைக் கைவிட முடியாது.

கட்டிடத்துக்குக் கவுன் மாட்ட முடியாதே. யார் பெண்ணாக நிற்பது? காசாவின் முதல் குழந்தைக்கும் அந்த வருஷம்தான் பதினைந்து.

"என் விருந்தை ஒரு கட்டடத்தோட பங்கு போட்டுக்கணுமா?" என்று ரோமானா கத்தினாள்.

"அந்தக் கட்டடத்துலதானேடி தவழ்ந்தே."

"எல்லாரும் எங்கேயாவது தவழ்ந்திருப்பாங்க! அங்கெல்லாம் கேக் வெட்டறாங்களா?"

கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: பேராசிரியர் யாரும் பேசக்கூடாது. டாக்டர் ராயெல் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

லிப்ராதாவின் கண் யார்மேல் என்று எனக்கு முதலிலேயே தெரியும். எலிசேயோ பர்ரேராஸ். செனட்டின் நிதிக் குழுத் தலைவர், எங்கள் பள்ளத்தாக்குக்காரர். எங்கள் மாநிலத்தில் செனட்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. சபை முடிந்தால் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இவருக்குப் பிக்கான் கொட்டைத் தோப்பு. அந்தத் தோப்பில்தான் லிப்ராதாவின் புருஷன் குமெர்சிந்தோ வருஷக்கணக்காக வேலை பார்த்தான். குமெர்சிந்தோ பேசுவதே இல்லை. லிப்ராதாவைக் கட்டிக்கொண்டவனுக்கு அதற்கு வாய்ப்பு வந்திருக்காது.

என் பழைய டிரக்கில் போனோம். செனட்டர் மரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து ஒன்றால் மற்றொன்றை உடைத்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி குமெர்சிந்தோ கால்வாய் மடையைத் திறந்துகொண்டிருந்தான்.

"செனட்டர், உங்களை ஞானத்தகப்பனா நிக்கச் சொல்லிக் கேட்க வந்தேன்."

"யாருக்கு?"

"காசாவுக்கு. எம் பொண்ணுக்கும் சேர்த்துத்தான். மண்டபம் உங்களோடது."

அவர் சிரிக்கவில்லை. "முடியாது, லிப்ராதா. ஜனவரியில அந்தப் பணம் என் மேசைக்கு வரும். இன்னைக்கு உனக்குக் கொம்பாத்ரே ஆயிட்டா அந்த மேசையில நான் எப்படி உட்கார்றது?"

"நாற்காலி போட்டுத்தான்."

"விளையாடாதே. எங்கம்மா ஒன்பது பிள்ளைங்களை வளர்த்தா. எந்த நிறுவனம் வந்து அவளுக்கு உதவுச்சு?"

"ஒண்ணும் வரலையே. அந்த ஒன்பதையும் வச்சுக்கிட்டு உங்கம்மா யார்கிட்ட போய் அழுதாங்க?"

கொட்டை உடைவது நின்றது. பிறகு அவர் எழுந்து ஒரு பை நிறையக் கொட்டை போட்டு எங்களிடம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் "இல்லை" என்பதை அப்படித்தான் சொல்வார்கள். வெறுங்கையோடு அனுப்பினால் கோபம். கை நிறையக் கொடுத்து அனுப்பினால் முடிந்த பேச்சு.

வழியெல்லாம் லிப்ராதா அந்தக் கொட்டைகளைப் பல்லால் கடித்து உடைத்துத் தின்றுகொண்டே வந்தாள். மண்டபத்தை முன்னாள் போர்வீரர் சங்கம் எடுத்துக்கொண்டது. கேக்கை வெங்காயக் கொட்டகைப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். கிரீடம் நான். செருப்புக்கு மட்டும் ஆள் இல்லாமல் அவள் தவித்தபோது, குமெர்சிந்தோ சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"செருப்புக்கு ஆள் இருக்கு. என் சித்தப்பா பையன் சோன், எல் பாசோவுல இருக்கான்."

"உங்களுக்கு ஒரு சோனா? நம்ம கல்யாணத்துக்கு வந்தானா?"

"வரல."

அதற்குமேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வாரம் செருப்புப் பெட்டி வந்து சேர்ந்தது.

அக்டோபரில் விருந்து. எவ்வளவு கூட்டம் என்றால், ரியோ கிராந்தே ஆறு எட்டிப் பார்க்க இடமில்லாமல் திரும்பிப் போனது. மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேக்கின்மேல் சர்க்கரையில் காசாவே நின்றது, கூரைமேல் குளிர்ப்பெட்டியோடு. மீசைக்காரக் காவலர் ஐஸ்கட்டிக்கு ஞானத்தகப்பன். செனட்டரும் வந்தார். ஊர் விருந்துக்கு வராத அரசியல்காரர் அடுத்த தேர்தலைப் பார்க்கமாட்டார். ஒரு கிண்ணம் பொசோலே சூப்பை வாங்கிக்கொண்டு, புறப்பட வசதியாகக் கதவோரம் நின்றார்.

இசை நின்றது. செருப்பின் ஞானத்தகப்பன் முன்னால் வரவும் என்று அறிவித்தார்கள். வெள்ளைப் பட்டுத் தலையணைமேல் செருப்பு இரண்டும் தயாராக இருந்தன. ஆள் இல்லை.

"எங்க உங்க சோன்?" என்று லிப்ராதா பல்லைக் கடித்தாள்.

"கழிவறைக்குப் போயிருக்கான்," என்றான் குமெர்சிந்தோ.

இசைக்காரர்கள் இரண்டாம் தடவை வாசித்தார்கள். சோன் வரவில்லை. லிப்ராதா திரும்பினாள். பக்கத்தில் இருந்தது செனட்டரின் கை. அதிலிருந்த பொசோலேயைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். தலையணையை அவர் கையில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிங்க, செனட்டர்."

பிடித்தார். விருந்தை ஆசீர்வதிக்க வந்திருந்த பாதர் அல்பினோவுக்குக் கண்பார்வை குறைவு. தலையணை இருக்கும் இடம்தான் ஞானத்தகப்பன் இருக்கும் இடம் என்று நேராக வந்து, தலையணை, செருப்பு, செனட்டர் மூன்றின் மேலும் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்துவிட்டார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. செனட்டரின் முகம் காதுவரை சிவந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். அவர் தலையணையை ஏந்திக்கொண்டு மெல்ல நடந்து போய் குமெர்சிந்தோவின் முன்னால் நீட்டினார்.

குமெர்சிந்தோ மண்டியிட்டு மகளின் காலில் மாட்டினான். உள்ளே போகவில்லை. தள்ளினான். ரோமானா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து நடனம் முழுவதையும் ஆடினாள்.

லிப்ராதா என் காதருகே வந்தாள். "மாட்டிக்கிட்டாரு, கொமாத்ரே. இனிமே அந்தக் கையால நம்ம வரியை அடிப்பாரா?"

போகும்போது செனட்டர் எங்களிடம் வந்தார். தொப்பியை எடுத்தார். அவளைப் பார்த்து, முதல்முறையாக, "வரேங்க கொமாத்ரே. பொசோலேயில உப்பு கம்மி," என்றார்.

பிப்ரவரியில் எங்கள் முறை வந்தது. விடிவதற்குள் கிளம்பி வடக்கே போனோம்: டாக்டர் ராயெல், லிப்ராதா, நான், பள்ளிக்கு மட்டம் போட்ட ரோமானா. தலைநகரில் பனி கொட்டியது. கேக்கின் மேலடுக்கை லிப்ராதா காசாவின் ஐஸ்பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த வட்டக் கட்டிடத்துக்குள் நாங்கள் வழி தவறினோம். அங்கே வழி தவறுவதில் ஒரு சௌகரியம், நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். வந்தோம், இரண்டு தடவை.

குழு நடுவில் செனட்டர் பர்ரேராஸ் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள், ஒவ்வொன்றாக அடித்தார்கள். மருத்துவமனைக்காரர்கள் முகம் தொங்கப் போனார்கள். நூலகக்காரர்கள் போனார்கள். பிறகு காசாவின் முழுப்பெயரை ஒருவர் மூச்சு வாங்கப் படித்தார்.

செனட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் ஓட்டுப் போட முடியாது," என்றார். "மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கறவங்க என் கொமாத்ரே. அவங்க பொண்ணோட செருப்புக்கு நான் ஞானத்தகப்பன். சொந்தக்காரங்க விஷயத்துல ஓட்டுப் போடறது முறையில்ல."

எழுந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தலைமையைக் கொடுத்தார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கிவிட்டார்.

லிப்ராதாவின் கை என் கையைப் பிடித்தது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கைவிடக் குளிராக இருந்தது.

"நான் என்ன பண்ணித் தொலைச்சேன், கொமாத்ரே?"

நாங்கள் பிடித்து வைத்திருந்த ஒரே வாக்கு எங்கள் உறவாலேயே போய்விட்டது. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. டாக்டர் ராயெலின் பென்சில் இரண்டாக முறிந்தது. எனக்கு அந்த நிமிஷம் காசா கண்ணில் தெரிந்தது, நாற்காலிகள் கூரைவரை அடுக்கி.

செனட்டர் வெளியே போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. சுற்றி வந்து, பொதுமக்கள் பேசுவதற்காக வைத்திருந்த மைக்கின் முன்னால், வரிசையில் கடைசி ஆளாக நின்றார். முறை வந்ததும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"நான் இப்ப செனட்டரா வரல, கொம்பாத்ரேயா வந்திருக்கேன். எங்கம்மா ஒன்பது பேரை வளர்த்தா. ராத்திரியில சமையல்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு அழுவா. எங்களுக்குக் கேட்கும். யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எங்க பள்ளத்தாக்குல இப்ப அதுக்கு ஒரு கதவு இருக்கு. அவ்வளவுதான். மிச்சத்தை எங்க கொமாத்ரே சொல்வாங்க."

லிப்ராதா எழுந்தாள். கேக் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதோடேயே போனாள்.

குழுவில் வடக்கத்தி ஆட்டுப்பண்ணைக்காரக் கிழவர் ஒருவர் இருந்தார், தெல்ஃபீன் அர்ச்சுலெத்தா. அன்று காலை முதல் எதையும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"ஏம்மா, மாநிலம் என்ன உங்க அப்பனா? எல்லாத்தையும் அதுதான் செய்யணுமா?" என்றார்.

"அப்பன் வேண்டாம் ஐயா, எங்களுக்கு அப்பன் இருக்காரு," என்றாள் லிப்ராதா. "பாய் தையற்காரங்களோடது. ஐஸ்பெட்டி கசாப்புக் கடைக்காரரோடது. குளிர்ப்பெட்டி ரிப்பேரானா போர்வீரர் சங்கத்துல ஆள் வருவாங்க. பிள்ளைங்களைத் தூக்கி வச்சுக்க காவலர் இருக்காரு. ஆளுக்கொரு துண்டு பிடிச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு துண்டுக்குத்தான் ஆளில்ல. விளக்கு, கூரை. அதுக்கு மாநிலம் ஞானத்தகப்பனா நிக்குமான்னு கேட்டு வந்திருக்கேன்."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா நீங்களும் நானும் கொம்பாத்ரே, கொமாத்ரே. உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் வந்துடுவேன். உங்க சமையலைக் குறை சொல்வேன்."

கிழவர் கையால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அப்புறம்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"அந்தப் பெட்டியில என்ன?"

"கேக். கத்தியை வாசல்ல வாங்கிக்கிட்டாங்க."

வாக்கெடுப்பு நடந்தது. கேட்டது கிடைக்கவில்லை; குறைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் வரியை அடிக்கவில்லை. கடைசியாகக் கை தூக்கியவர் தெல்ஃபீன் அர்ச்சுலெத்தா. டாக்டர் ராயெலின் அளவுகோலால் கேக்கை வெட்டி, முதல் துண்டை அவர் கையில் வைத்தாள் லிப்ராதா. "கொஞ்சம் பிடிங்க, கொம்பாத்ரே." நாலு மாதப் பழைய கேக். தின்றார்.

விளக்கு எரிந்தது. கூரை அதற்குப் பிறகும் பல வருஷம் ஒழுகியது. இப்போது காசா கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. மழை பெய்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. குழந்தைகள் அறையை ரோமானா நடத்துகிறாள். லிப்ராதா இன்னும் வாரத்துக்கு ஒருநாள் போய், சும்மா நிற்கிறவர்களைத் தேடுகிறாள். போன வாரம் பல்கலைக்கழகத் தலைவர் வந்திருந்தார். அவருடைய கோட்டு சலவைக்குப் போயிருப்பதாகக் கேள்வி.

செனட்டர் பதவியிலிருந்து இறங்கிய பிறகும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கொட்டையோடு வந்தார். லிப்ராதா பையை வாங்கமாட்டாள். "கொட்டை குடுத்தா 'இல்லை'ன்னு அர்த்தம். முதல்ல உள்ள வந்து சாப்பிடுங்க," என்பாள். குமெர்சிந்தோவின் சவப்பெட்டியை அவரும் ஒரு பக்கம் தூக்கினார். இந்த வசந்தத்தில் அவருடைய பெட்டியின் பின்னால் நாங்கள் நடந்தோம். லிப்ராதா வழி முழுக்க அவருக்கு "நீங்க" போட்டுத் திட்டிக்கொண்டே வந்தாள், முந்திக்கொண்டாரே என்று.

இதுவரை எழுதியதை நேற்று ரோமானாவின் சமையலறையில் படித்துக் காட்டினேன். மேசை நிறையச் சுட்ட மிளகாய், மூன்று பேரும் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். தலையணை வந்த இடத்தில் லிப்ராதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்னை மாதிரி ஒருத்தி பிறக்கணும், ஒரு செனட்டரையே ஏமாத்த," என்றாள்.

ரோமானா கையைத் துடைத்துக்கொண்டு, ஞானத்தாயான என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் சரி, மத்ரீனா. சோன்னு யாரும் கிடையாதே. அப்பாவுக்குச் சித்தப்பாவே கிடையாது. அந்தச் செருப்பை வாங்கினதே செனட்டருதான். நீங்க ரெண்டு பேரும் கொட்டையை வாங்கிட்டு வந்தப்புறம் அப்பா மடையை விட்டுட்டுப் போய், தொப்பியைக் கழட்டி அவர்கிட்ட கேட்டிருக்காரு. பெட்டியைச் செனட்டரே வீட்டுக்குக் கொண்டாந்தாரு, கதவைத் திறந்தது நான். 'உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிஞ்சுடும்'னாரு. விருந்துக்கு அவரு சும்மா நின்னு பார்த்துட்டுப் போகத்தான் வந்திருந்தாரு; அவரு வாங்கின செருப்பை அவரு கையிலேயே கொண்டுபோய் வச்சீங்களேம்மா! அப்புறம் இன்னொண்ணு, செருப்பு இறுக்கினது என் கால் பெருசா இருந்ததால இல்ல. அளவு கேட்டதுக்கு அப்பா வாயைத் திறந்து சொல்லாம, கையை விரிச்சுக் காட்டியிருக்காரு. நான் ரெண்டாவது படிக்கிறப்போ இருந்த அளவு."